பட்டை என்றால் என்ன?

கிள்ளானிலிருந்து பந்திங்கிற்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு ஒரு பக்கம் லங்காட் ஆறு. ஆற்றைக் கடந்தால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். மறுபக்கம் தடையற்ற வணிக மண்டலமும் அதன் தொழிற்சாலைகளும் உள்ளன. இங்கு வாழும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலையில் அம்மா வானொலியைத் திறக்கிறார், அது எஃப்.எம். பேண்டில் ஒலிக்கிறது. மகள் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுகிறாள். மகன் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் முரசு அடிக்கிறான். ஆறாம் படிவத்தில் படிக்கும் அக்காவுக்கு ஆங்கில மொழித் தேர்வில் பேண்டு 4 கிடைக்குமா, பேண்டு 5 கிடைக்குமா என்ற கவலை. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா, மின்தடையத்தின் மேலுள்ள வண்ணப் பேண்டுகளைப் பார்த்தே அதன் அளவைச் சொல்லிவிடுவார். இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் பாட்டிக்கு இரத்தம் சோதித்த தாள் மாலையில் வருகிறது. அதிலும் அதே சொல்: 'பேண்டு 12%'.

வீட்டார் திகைக்கிறார்கள். இரத்தத்திற்குள் எங்கிருந்து வந்தது பேண்டு? அகராதியைப் புரட்டினால் 'கட்டு' என்று முதற்பொருள் கிடைக்கும். அப்படியே மொழிபெயர்த்தால் 'இரத்தத்தில் 12 விழுக்காடு கட்டு' என்றாகும். தமிழில் இரத்தக்கட்டு என்றால் அடிபட்ட இடத்தில் இரத்தம் உறைந்து நிற்பது. பாட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால், அந்த ஒரு சொல்லால் வீடே கலங்கிப் போகும்.

ஆங்கிலத்தில் 'பேண்டு' என்பது எழுத்தளவில் ஒன்றாக இருந்தாலும், வெவ்வேறு வழிகளில் வந்து ஒன்றாகக் கலந்த சொல். ஒரு வழியில் அது கட்டுவதற்கு உதவும் பொருளைக் குறித்தது. பிரெஞ்சு மொழி வழியே வந்தபோது, நீண்டு குறுகிய துண்டையும் வரியையும் குறித்தது. ஒன்றாகத் திரண்ட கூட்டம் என்ற பொருளும் உண்டு. இசைக்குழுவுக்குப் பெயர் வந்தது அந்த வழியில்தான். கட்டுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களுக்கும் வடமொழியின் 'பந்த்' என்னும் வேருக்கும் தொலைவில் உறவு உண்டு. அவ்வேரிலிருந்து தமிழுக்கு வந்தவைதாம் பந்தம், சம்பந்தம், நிபந்தனை முதலியவை. தமிழகத்துச் செய்தித்தாள்களில் கடையடைப்பைக் குறிக்க வரும் 'பந்த்' என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். எனவே, பாட்டியின் சோதனைத் தாளில் உள்ள சொல்லும் அவரது பேத்தியின் திருமணச் சம்பந்தமும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே வீட்டில் பிறந்தவை எனலாம்.

தமிழில் இச்சொல்லுக்கு மிக நெருங்கி நிற்பது 'பட்டை'. அதுவும் எளிதான சொல்லன்று. மரத்தின் மேல்தோல் பட்டை. மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் கடைக்காரர் கிராம்பும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே கறுவாப்பட்டையை எடுத்துத் தருவார். கோவிலுக்குச் சென்று வந்தவர் நெற்றியில் திருநீற்றுப் பட்டை. தமிழ்நாட்டில் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பார்கள். வைரத்துக்குப் பட்டை தீட்டுவார்கள். இவற்றுள் பலவற்றிலும் தட்டையான, நீளவாக்கில் அமைந்த ஒன்று என்ற எண்ணம் அடியில் இருக்கிறது. கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் தமிழர்கள் விடியுமுன் எழுந்து, ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். பட்டையில் ஊறிய அந்தப் பால்தான் ஆலைக்குச் சென்று, மகள் தாளைச் சுற்றும் ரப்பர் பட்டையாகத் திரும்பி வருகிறது.

அறிவியலில் இச்சொல்லைக் காணும்போது முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது பயன் தரும். இந்தப் பட்டை எதையாவது கட்டுகிறதா, அல்லது பார்ப்பதற்குப் பட்டையாகத் தெரிகிறதா?

அப்பாவின் மின்தடையத்தில் உள்ளவை பார்ப்பதற்கான பட்டைகள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, பொன்னிறம் என்று நான்கு பட்டைகள் இருந்தால், முதலிரண்டும் 1, 0 என்னும் இலக்கங்கள். சிவப்பு, நூறால் பெருக்கச் சொல்கிறது. பொன்னிறம், ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. ஆக, அது 1,000 ஓம் மின்தடையம். உண்மையளவு 950 முதல் 1,050 வரை இருக்கலாம். வானொலியின் பேண்டைக் கண்ணாலும் காண முடியாது. எஃப்.எம். அலைப்பட்டை என்பது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்த பரப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3இல் ஒலிக்கும் ராகா வானொலி அந்தப் பரப்பில் ஒரு புள்ளி. நிலையத்திற்கு உரியது அலைவரிசை. அலைவரிசைகள் பல அடங்கியது அலைப்பட்டை. பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றிச் சொன்னாலும் தேர்வில் அப்படி எழுதினால் புள்ளி குறையும்.

மின்னணுத் தொழிற்சாலையின் பொருள்கள் எல்லாவற்றிற்கும் அடிப்படையான ஆற்றல் பட்டை இதைவிட நுட்பமானது. தனித்து நிற்கும் அணுவில் எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் படிகளில் மட்டுமே நிற்க முடியும். கோடிக்கணக்கான அணுக்கள் நெருங்கிப் படிகமாகும்போது, அந்தப் படிகள் ஒன்றையொன்று நெருக்கி, இடைவெளி தெரியாத பட்டையாகிவிடுகின்றன. எலக்ட்ரான்கள் நிறைந்த கீழ்ப்பட்டை இணைதிறன் பட்டை. அதற்கு மேலுள்ளது கடத்தும் பட்டை. சிலிக்கனில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு. வைரத்தில் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால்தான் சிலிக்கன் குறைகடத்தியாகவும் வைரம் மின்கடத்தாப் பொருளாகவும் விளங்குகின்றன.

மருத்துவத்தில் கட்டும் பட்டைகளும் உண்டு. மூல நோய்க்குச் சிறிய ரப்பர் வளையத்தை மாட்டிவிடும் முறை பல மருத்துவமனைகளில் வழக்கமானது. வளையம் இறுக்கியதும் இரத்த ஓட்டம் நின்று, வீங்கிய பகுதி சில நாள்களில் வாடி உதிர்ந்துவிடும். கல்லீரல் நோயாளிகளின் உணவுக்குழாயில் புடைத்து, எந்நேரமும் வெடித்துக் குருதி பெருக்கக்கூடிய நாளங்களையும் இவ்வாறே கட்டி உயிரைக் காக்கிறார்கள். உடல் எடை மிகுந்தவர்களின் இரைப்பையின் மேற்பகுதியில் மாட்டும் பட்டை, உண்ணும் அளவைக் குறைக்கிறது. வேண்டாத கட்டும் உண்டு. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூட, உள்ளே நார்போல வளர்ந்த தழும்புப் பட்டை குடலை நெரித்துவிடுவதுண்டு. மருத்துவர் ஒருவர் 'பேண்டு' என்று சொன்னால், அவர் போட்ட கட்டா, உடம்பு தானாகப் போட்டுக்கொண்ட கட்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாட்டியின் தாளில் இருந்தது இவற்றில் எதுவுமில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களுள் மிகுதியாக இருப்பவை நியூட்ரோஃபில்கள். நுண்ணுயிரிகளை விழுங்கி அழிப்பது இவற்றின் வேலை. முதிர்ந்த நியூட்ரோஃபிலின் உட்கரு, மெல்லிய இழையால் இணைந்த மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்திருக்கும். எலும்பு மச்சையில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் அணுவில் அந்தப் பிரிவு இன்னும் ஏற்பட்டிருக்காது. உட்கரு, குதிரை லாடம்போல வளைந்த ஒரே பட்டையாக இருக்கும். அதனால் அதற்குப் பேண்டு அணு என்று பெயர். நலமாக உள்ளவரின் இரத்தத்தில் இவ்வகை அணுக்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருப்பதில்லை. சோதனைக் கூடத்துக்குக் கூடம் இவ்வெல்லை சற்று மாறும். கடும் பாக்டீரியத் தொற்று ஏற்பட்டால், முதிர்ந்த அணுக்கள் போதாமல், மச்சை இளம் அணுக்களையும் வெளியே அனுப்புகிறது. எனவே, 12 விழுக்காடு என்பது நோயின் பெயரன்று. உடம்பு எங்கோ ஒரு தொற்றோடு போராடுகிறது என்பதற்கான தடயம். மருத்துவர் அந்த இடத்தைத் தேட வேண்டும். சிறுநீர்ப் பாதையா, நுரையீரலா என்பதை இந்த எண் சொல்லாது. இதைத் தமிழில் 'பட்டைக் கரு வெள்ளணு' என்று சொன்னால் சொல் சற்று நீளம்தான்; ஆனால், யாரும் இரத்தக்கட்டு என்று அஞ்சமாட்டார்கள்.

நுண்ணோக்கியில் தெரியும் இன்னொரு பட்டை, மலேசிய மருத்துவ வரலாற்றில் பல உயிர்களோடு தொடர்புடையது. அதன் கதையைக் கிள்ளானிலிருந்து தொடங்கலாம்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897ஆம் ஆண்டு இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானில் பணியேற்றார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், மலேரியா பரவிப் பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தனர். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களுள் இக்காய்ச்சலுக்குப் பலியானோர் பலர். அப்போதிருந்த மருந்து கொயினா. அதுவும் ஒரு பட்டையிலிருந்து வந்ததுதான். தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லட்டியேவும் கவந்துவும் அதைப் பிரித்தெடுத்தனர். வாட்சன் மருந்தோடு நின்றுவிடவில்லை. ஊரைச் சுற்றியிருந்த காட்டையும் சதுப்பையும் வெட்டி வாய்க்கால் அமைத்து நீரை வடியச் செய்தார். இவ்வட்டாரத்தின் தாழ்நிலத்தில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலஸ் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. காடும் தேக்கமும் போனதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால், அதே வழியை மலையோரத் தோட்டங்களில் பின்பற்றியபோது நோய் குறையவில்லை. அங்கே வேறொரு வகை அனோபிலஸ், வெயில் படும் தெளிந்த ஓடைகளையே விரும்பியது. காட்டை அழித்தது அதற்கு வசதியாகப் போயிற்று. எந்தக் கொசு என்று தெரியாமல் மருத்துவம் செய்ய முடியாது என்பதைத் தோட்டங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டன.

எந்த ஒட்டுண்ணி என்று தெரிவதும் அதே அளவு தேவை. மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிகள் நான்கு வகை என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் கூறின: பால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவேல். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தே வகை பிரித்தனர். இவற்றுள் மலேரியே வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. சிவப்பணுவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, இடுப்பில் கட்டிய பட்டைபோல ஒட்டுண்ணி நீண்டு கிடக்கும். இதைப் பட்டை வடிவம் என்பர். பட்டையைக் கண்டால் மலேரியே என்று எழுதுவது சோதனைக் கூடங்களின் வழக்கம். அவ்வகை 72 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பெருகும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆகவே, மருத்துவரும் பதற்றமின்றி மருந்து கொடுத்து அனுப்புவார்.

சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் இந்த வழக்கம் இடறியது. அங்கே மலேரியே என்று பதிவான நோயாளிகள் வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக இருந்தனர். அவர்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகளும் எதிர்பாராத அளவுக்கு நிறைந்திருந்தன. மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் ஆகியோரின் குழு, அவர்களின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியது. இச்சோதனையில் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. துண்டுகளைப் பலமடங்கு பெருக்கி, கூழ்போன்ற ஒரு பலகையின் ஓரத்தில் இட்டு, மின்சாரம் செலுத்துவர். எதிர்மின் தன்மையுடைய துண்டுகள் நேர்மின் முனையை நோக்கி நகரும். சிறிய துண்டு விரைந்து முன்னே செல்லும், பெரியது பின்தங்கும். பின்னர்ச் சாயமிட்டுப் புறவூதா ஒளியில் பார்த்தால், ஒரே அளவுள்ள துண்டுகள் கூடி நின்ற இடத்தில் ஒளிரும் கோடு தெரியும். அதற்கும் பேண்டு, அதாவது பட்டை என்றே பெயர். வகைக்கு ஓர் இடம் உண்டு. பட்டை நிற்கும் இடத்தைக் கொண்டு வகையைச் சொல்லலாம்.

நுண்ணோக்கியில் பட்டையைக் காட்டிய ஒட்டுண்ணிகள், கூழ்ப்பலகையில் மலேரியே வகைக்குரிய பட்டையைக் காட்டவில்லை. மரபணு வரிசையை ஆராய்ந்தபோது அது நோலேசி என்னும் வகையாக இருந்தது. நீள்வால் குரங்குகளையும் பன்றிவால் குரங்குகளையும் தொற்றும் ஒட்டுண்ணி அது. அறிவியலுக்கு அது புதியதன்று. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அதை ஆராய்ந்து, குரங்கிலிருந்து மனிதருக்கும் அதைச் செலுத்த முடியும் என்று காட்டியிருந்தனர். நோல்ஸின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1965இல் பகாங் காட்டில் பணியாற்றித் திரும்பிய அமெரிக்க நில அளவையாளர் ஒருவருக்கு அது இயற்கையாகவே தொற்றியதும் தெரிந்திருந்தது. அவரது இரத்தத்திலும் நுண்ணோக்கி முதலில் வேறு வகையையே காட்டிற்று. எனினும், அதை அரிய விதிவிலக்காகக் கருதி உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

காப்பிட் ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தபோது அது விதிவிலக்கு என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. சோதிக்கப்பட்ட 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேருக்கு நோலேசி இருந்தது. ஒருவருக்குக்கூட மலேரியே இல்லை. இரண்டு ஒட்டுண்ணிகளும் சிவப்பணுவுக்குள் ஒரே மாதிரிப் பட்டையாகத் தெரிந்ததால் வந்த குழப்பம் இது. குழப்பத்தின் விலை பெரிது. மலேரியே மூன்று நாளைக்கு ஒரு முறை பெருகும். நோலேசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். இன்று தெம்பாக நடந்து வரும் நோயாளி, ஓரிரு நாள்களில் சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும் நிலைக்குச் செல்லக்கூடும். சரவாக்கில் மலேரியே என்று பதிவாகி இறந்த நால்வரின் இரத்தத்தைப் பிறகு மரபணுச் சோதனை செய்தபோது, அது நோலேசி என்பது தெரிந்தது. அந்த முடிவு 2008இல் வெளியானது.

மலேசியாவில் 2018 முதல் மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. வாட்சனின் காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய வெற்றியன்று. ஆனால், நோலேசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தொற்றுகிறது. குறிப்பாகச் சபாவிலும் சரவாக்கிலும், காட்டோரத் தோட்டங்களில் உழைப்பவர்களையும் காட்டுக்குள் செல்பவர்களையும். இவர்களைக் காக்க வாய்க்கால் வெட்டுவது போதாது. குரங்குகளுக்கு யாரும் கொயினா கொடுக்கப்போவதுமில்லை.

இப்போது நோலேசி பரவும் வட்டாரங்களில், இரத்தத்தில் பட்டை வடிவ ஒட்டுண்ணி தென்பட்டால், மாற்றுச் சான்று கிடைக்கும்வரை அதை நோலேசியாகவே கருதி உடனடியாகச் சிகிச்சையைத் தொடங்குகின்றனர். எந்தக் காட்டுக்குச் சென்றீர்கள், எப்போது சென்றீர்கள் என்று மருத்துவர் நோயாளியிடம் கேட்கிறார். மரபணுச் சோதனையின் முடிவு அதன்பிறகே வந்து சேர்கிறது.